கலனில் அடைத்த ஆல்கைலேட் பெட்ரோல்: பழைய கார்களுக்கு ஏற்றதுதானா?

பழைய கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். மாதத்துக்கு ஓரிருமுறை மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டியில், டேங்கிலும் கார்புரேட்டரிலும் தேங்கிக் கிடக்கும் பெட்ரோல் வைக்கும் செலவு, எஞ்சினின் தேய்மானம் வைக்கும் செலவை எளிதில் மிஞ்சிவிடும். மரம் வெட்டும் செயின்சாக்களுக்காகவும் புல்வெட்டும் இயந்திரங்களுக்காகவும் தயாரிக்கப்பட்ட ஆல்கைலேட் பெட்ரோலைப் பழைய வாகனங்களை வைத்திருப்பவர்கள் தேடத் தொடங்கியதற்கு இதுவே காரணம். 1960களில் வடிவமைக்கப்பட்ட, கார்புரேட்டர் பொருத்திய நான்கு சிலிண்டர் கார் ஒன்றில் இந்த எரிபொருளை நெடுநாள் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே கலவையை விற்பதால், இந்த மதிப்பீடு தனியொரு நிறுவனத்தின் தயாரிப்பைப் பற்றியது அன்று, இந்த வகை எரிபொருள் முழுவதையும் பற்றியது.

பங்க்கில் நாம் நிரப்பும் பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் பென்சீன், டொலுவீன் முதலான அரோமாட்டிக் சேர்மங்கள் உண்டு. காற்றோடு வினைபுரிந்து மெல்லப் பிசினாக மாறும் ஓலிஃபின்கள் உண்டு. பல நாடுகளில் இப்போது 10 சதவீதமோ 20 சதவீதமோ எத்தனாலும் உண்டு. ஆல்கைலேட் அப்படியல்ல. சுத்திகரிப்பு ஆலையில் ஐசோபியூட்டேனையும் இலகுவான ஓலிஃபின் வாயுக்களையும் கந்தக அமிலம் அல்லது ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் துணையோடு இணைத்துப் பெறப்படும், கிளைத்த பாரஃபின்கள் எனும் எளிதில் வினைபுரியாத ஹைட்ரோகார்பன்கள் மட்டுமே நிறைந்த, அரோமாட்டிக்கும் ஓலிஃபினும் கந்தகமும் ஏறக்குறைய இல்லாத திரவம் அது. 1930களில் உருவான இந்த முறைதான் இரண்டாம் உலகப் போரின்போது 100 ஆக்டேன் (எரிபொருள் முறைதவறி வெடித்து எஞ்சின் தட்டாமல் தாங்கும் திறனின் எண்) விமானப் பெட்ரோலைப் பெருமளவில் தயாரிக்க வழிசெய்தது. 1980களில் சுவீடனில், காட்டில் நாள்முழுதும் செயின்சாவின் புகையைச் சுவாசித்து வேலை செய்பவர்களின் உடல்நலத்தைக் கருதி அதைச் சிறு இயந்திரங்களுக்கான எரிபொருளாக்கிக் கலன்களில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். பழைய கார்களை மனத்தில் வைத்து யாரும் அதைத் தயாரிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் நிறைகளும் குறைகளும் இந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

இந்த எரிபொருள் எந்தக் குறையைத் தீர்க்கிறது என்று பார்க்க, எத்தனாலிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். எத்தனாலைப் பழிப்பது பழைய கார் உரிமையாளர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் பாதி நியாயம், பாதி மிகை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி உறிஞ்சிய சிறிதளவு நீர் பெட்ரோலிலேயே கரைந்து எஞ்சின் வழியாக வெளியேறிவிடும். 10 சதவீத எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் ஏறத்தாழ அரை சதவீத நீரை இப்படித் தாங்கும். தொடர்ந்து ஓடும் வண்டிக்கு இதனால் கேடில்லை. அந்த எல்லையைத் தாண்டினாலோ, எல்லையை ஒட்டி நிற்கும்போது இரவில் குளிர் ஏறினாலோதான் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடுக்கை. இரும்புத் தகட்டை அரிக்கத் தொடங்குவதும் அந்த அடுக்கே. மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் எண்ணும் குறைந்ததாகிவிடுகிறது.

இது தவிர, பழைய கார்களில் இருக்கும் பொருட்கள் எத்தனாலை அறியாத காலத்தவை. பழைய வகை ரப்பர் குழாய்கள் உப்பி உள்ளிருந்து உதிரும். கார்க்கில் செய்து ஷெல்லாக் பூசிய மிதவைகளில் அந்தப் பூச்சு எத்தனாலில் கரைந்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர்களில் வெண்ணிறப் பொடி படியும். பாலியெஸ்டர் ரெசினில் செய்த ஃபைபர்கிளாஸ் டேங்குகள் இளகும். எரிதலிலும் வேறுபாடு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகையால் கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் துளைகளான பழைய ஜெட்டுகளோடு இ10 ஊற்றினால், காற்றுக்கு எரிபொருள் போதாமல் கலவை ஏறத்தாழ 4 சதவீதம் மெலிந்துபோகிறது. புதிய கார்களில் சென்சாரைக் கேட்டுக் கணினி இதைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. ஜெட்டின் துளை விட்டத்தை சுமார் 2 சதவீதம் கூட்டினால் இந்தக் குறை தீரும், அது மெக்கானிக்குக் கடினமான வேலையும் அல்ல. ஆனால் நிற்கும் வண்டியில் நீர் பிரியும் சிக்கலுக்கு ஜெட் பதில் சொல்லாது.

இனி ஆல்கைலேட்டின் அனுபவத்துக்கு வருகிறேன். ஐந்து லிட்டர் கலனைத் திறந்ததும் முதலில் தெரிவது வாசனை இல்லாமை. பங்க் பெட்ரோலின் காரமான நெடி இங்கே இல்லை. மெல்லிய, மெழுகு போன்ற ஒரு வாசம் மட்டுமே உண்டு. டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கிவிட்டு இதை நிரப்பி, கார்புரேட்டரின் கிண்ணம்வரை பழைய பெட்ரோல் முழுதும் வெளியேறும் அளவுக்கு வண்டியை ஓட்டிய பிறகே நிறுத்தி வைத்தேன். பல மாதங்கள் கழித்துத் திரும்ப எடுத்தபோது, கையால் இயக்கும் பிரைமிங் நெம்புகோலால் கிண்ணத்தை நிரப்பி, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தயக்கமின்றி எழுந்தது. அதைவிட எனக்கு நிறைவு தந்தது, பின்னர் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த காட்சி: கிண்ணத்தின் அடியில் வழக்கமாகப் படியும் பழுப்புப் பிசின் இல்லை, நீடில் வால்வு ஒட்டிக்கொள்ளவில்லை, ஐட்லிங் ஜெட்டின் மயிரிழைத் துளை திறந்தே இருந்தது. பங்க் பெட்ரோல் சில மாதங்களிலேயே பழசாகிவிடும். நன்கு மூடிய கலனில் ஆல்கைலேட் பல ஆண்டுகள் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை, அதன் வேதியியலைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பிசினாவதற்கு அதில் ஓலிஃபின் இல்லை, நீரை இழுப்பதற்கு எத்தனால் இல்லை.

ஓட்டத்தில் எந்தக் குறையும் காணவில்லை. ஆல்கைலேட்டின் அடர்த்தி சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் ஜெட்டின் வழியே செல்லும் எரிபொருளின் எடை சற்றுக் குறையும். ஆனால் பாரஃபின்களில் ஹைட்ரஜன் மிகுதி என்பதால் அதே காற்றுக்குத் தேவைப்படும் எடையும் சற்றுக் குறைவே. இரண்டும் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்வதால், எத்தனால் வருவதற்கு முன்பிருந்த ஜெட்டுகள் எதையும் மாற்றத் தேவை ஏற்படவில்லை. லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் சிறிது குறையக்கூடும், ஓடும் தூரமே குறைவான வண்டியில் அது கணக்கில் வராது. ஆக்டேன் விஷயத்தில் இது உண்மையிலேயே மேலானது: ஐரோப்பியத் தரத்தின்படி 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு, கடுமையான சோதனையில் அளக்கப்படும் மோட்டார் ஆக்டேன் 85 இருந்தால் போதும்; நல்ல ஆல்கைலேட்டில் அது 90ஐத் தாண்டும். ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கு இந்த மோட்டார் ஆக்டேன் எண்ணே பொறுப்பு.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, பழைய ரப்பர் பாகங்கள் பல ஆண்டுகளாகப் பங்க் பெட்ரோலின் அரோமாட்டிக் சேர்மங்களை உறிஞ்சி, அந்த உப்பலோடுதான் இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன. அரோமாட்டிக் இல்லாத எரிபொருளுக்கு மாறியதும் அவை சுருங்குகின்றன. என் வண்டியில் பெட்ரோல் பம்ப்பின் மூடியைச் சுற்றி மெல்லிய கசிவு தெரிந்தது. புதிய டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் போட்ட பிறகே நின்றது. இரண்டாவது குறை முதலாவதை ஆபத்தாக்குகிறது: நெடி இல்லாத எரிபொருள் கசிந்தால் மூக்கு எச்சரிக்காது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், சாதாரணப் பெட்ரோலைப் போலவே தீப்பிடிக்கும். விற்பனைத் துண்டுப் பிரசுரங்கள் ‘தூய்மை’, ‘பாதுகாப்பு’ என்ற சொற்களைப் புகையின் நச்சைக் குறித்தே பயன்படுத்துகின்றன என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. எனவே நிரப்பிய பிறகு முதல் சில நாட்களுக்கு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்ப்பது அவசியம்.

மூன்றாவதாக, இதில் ஈயம் இல்லை. டெட்ராஎத்தில் ஈயம் எஞ்சின் தட்டலைத் தடுக்கும் என்பது 1921ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டது. ஒரு நூற்றாண்டு கழித்து 2021ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலிருந்தே போனது. ஈயம் நஞ்சு, போனது நன்மை. ஆனால் அது எரியும்போது வால்வுகள் வந்து அமரும் விளிம்புகளான வால்வு சீட்டுகளின் மேல் மெல்லிய காப்பாகவும் படிந்துவந்தது. மென்மையான வார்ப்பிரும்பு சிலிண்டர் தலையில் நேரடியாகக் கடைந்த சீட்டுகள், அந்தக் காப்பு இல்லாமல் நீண்ட நேரம் அதிவேகமாக ஓடினால் உள்ளே தேய்ந்து அமிழும். கடினப்படுத்திய சீட்டுகள் பொருத்தாத எஞ்சினுக்கு ஆல்கைலேட்டும் மற்ற ஈயமற்ற பெட்ரோலைப் போன்றதே. மெதுவாக ஓட்டுபவர்களுக்கு இது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல.

விலையைப் பற்றி ஒரு வரி போதும்: பங்க் பெட்ரோலைப்போல் பல மடங்கு. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இதை ஊற்றுவது பொருளற்ற செலவு. எரிபொருளாக விலையை ஒப்பிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். பாதுகாப்புப் பொருளாக, அதாவது ஒருமுறை கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் டேங்கைத் துருநீக்கிப் பூச்சு போடுவதற்கும் ஆகும் கூலியோடு ஒப்பிட்டால், நிறுத்தி வைக்கும் பருவத்துக்கு ஒரு டேங்க் நிரப்புவது நியாயமாகவே படுகிறது.

இதற்கு மாற்றாகப் பலர் நாடுவது, பங்க் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பாதுகாப்புத் திரவங்களை. நல்ல திரவங்கள் உலோகத்தை அரிமானத்திலிருந்து காக்கின்றன, அதில் ஐயமில்லை. ரப்பரை அவை காப்பாற்றா. மெலிந்த கலவையைத் திருத்தா. எத்தனாலை மறையச் செய்யவும் மாட்டா. அடிக்கடி ஓடும் வண்டியில், எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டுவிட்டு இந்தத் திரவத்தையும் கலந்தால் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

இதுவரை சொன்னது இன்றைய நிலை. நாளைய நிலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இன்று விற்கப்படும் ஆல்கைலேட்டில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவதே. புகையின் நச்சு குறைகிறதே தவிர, வளிமண்டலத்துக்குச் செல்லும் கார்பன் ஏறக்குறைய அதே அளவுதான். அதை எதிர்கால எரிபொருள் என்று விற்பவர்களை நான் ஏற்கவில்லை. ஆனால் பழைய காருக்கான எதிர்கால எரிபொருள் எப்படி இருக்க வேண்டும் என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நெடுநாள் நின்றாலும் கெடாமை, நீரை இழுக்காமை, பழைய ஜெட்டுக்குப் பொருந்துதல், போதிய மோட்டார் ஆக்டேன் ஆகிய நான்கையும் கேட்டுவிட்டே எந்தப் புதிய எரிபொருளையும் டேங்கில் ஊற்ற வேண்டும்.

அந்த அளவுகோலில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியது செயற்கைப் பெட்ரோல். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மெத்தனாலாக்கி, பிறகு மெத்தனாலைப் பெட்ரோலாக மாற்றுவது இதன் வழி. கடைசிப் படி புதியதல்ல. மொபில் நிறுவனத்தின் செயல்முறையைக் கொண்டு நியூசிலாந்தின் மோட்டுனுயியில் 1980களின் நடுவிலேயே எரிவாயுவிலிருந்து மெத்தனால் வழியாகப் பெட்ரோல் தயாரித்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் சிலியின் தென்கோடியில், போர்ஷே நிறுவனமும் பங்கேற்ற ஹாரு ஓனி முன்னோட்ட ஆலை காற்றாலை மின்சாரத்தில் இதைச் செய்து காட்டியது. அதன் தொடக்கத் திட்ட அளவு ஆண்டுக்கு சுமார் 1,30,000 லிட்டர். உலகின் பெட்ரோல் தேவைக்கு முன் இது ஒன்றுமே இல்லை. பழைய கார்களுக்கு மட்டும் என்று எண்ணிப் பார்த்தால் இத்தகைய அளவுகள் அப்படி அற்பமாகத் தோன்றவில்லை.

வேதியியலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெத்தனால் வழி வரும் பெட்ரோலில் டியூரீன் என்ற கனமான அரோமாட்டிக் சேர்மம் இயல்பாகவே மிகுந்திருக்கும். அதன் உருகுநிலை 79 டிகிரி செல்சியஸ். கார்புரேட்டர் கிண்ணத்தில் இலகுவான பகுதிகள் ஆவியான பின் அது படிகமாக மிஞ்சி ஜெட்டை அடைக்கக்கூடும். ஆலையில் கூடுதல் சுத்திகரிப்பு செய்து இதைக் குறைத்துவிடுகிறார்கள், எனவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் ‘செயற்கை’ என்ற சொல்லைக் கண்டதும் ஆல்கைலேட்டின் குணங்கள் எல்லாம் இதிலும் தாமாகவே வந்துவிடும் என்று கொள்ளலாகாது. மறுபக்கம், இதில் அரோமாட்டிக் இருப்பதால் ரப்பர் சுருங்கும் தொல்லை இல்லை. எத்தனாலிலிருந்து நீரை நீக்கி ஹைட்ரோகார்பனாக மாற்றித் தயாரிக்கப்படும் உயிரிப் பெட்ரோலுக்கும் இதே மதிப்பீடு பொருந்தும். தாவரத்திலிருந்து வந்தாலும் டேங்கில் அது எத்தனாலாக இல்லை என்பதே முக்கியம்.

செயற்கை எரிபொருளுக்கு எதிராக வைக்கப்படும் வாதம் திறன் பற்றியது, அது வலுவான வாதம். மின்சாரத்தைப் பெட்ரோலாக்கி எரித்தால் அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது. மின்கலக் காரில் பத்தில் ஏழு பங்குவரை அடைகிறது. அன்றாடப் பயணத்துக்கான கோடிக்கணக்கான கார்களை இதில் ஓட்ட நினைப்பது வீண். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது, ஏனெனில் அங்கே காக்கப்படுவது பயணம் அன்று, பொருள்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் உண்மையில் நல்லூழ் உடையவர்கள். தாவர எண்ணெயையும் கழிவுக் கொழுப்பையும் ஹைட்ரஜனேற்றிப் பெறும் எச்.வி.ஓ. டீசல், மேலே சொன்ன நிலைப்புக்கான சோதனைகளில் எளிதில் தேறுகிறது: நீரை இழுப்பதில்லை, நெடுநாள் கெடுவதில்லை, டீசல் எளிதில் தீப்பற்றுவதை அளக்கும் சீட்டேன் எண்ணும் 70ஐத் தாண்டும். பழைய வகை பயோடீசலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது டேங்கின் பழைய படிவுகளைக் கரைத்து ஃபில்டரை அடைப்பதும் இயற்கை ரப்பரைக் கெடுப்பதும் அறிந்ததே. எச்.வி.ஓ.விலும் அரோமாட்டிக் இல்லாததால் சீல்கள் சுருங்கலாம். 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பதை நினைத்தால், இதில் புதுமை நாம் எண்ணும் அளவுக்கு இல்லை.

ஹைட்ரஜன் பழைய கார்களுக்கு விடையே அல்ல. 700 பார் அழுத்தக் கலனைப் பொருத்திய வண்டியில் பழையதென்று மிஞ்சுவது உடற்கூடு மட்டுமே. எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டாரும் மின்கலமும் பொருத்தும் சேவைகளோ சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவை. பழுதான எஞ்சினோடு கைவிடப்படும் ஒரு வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர அவை உதவும். ஆயினும் 1966 முதல் இயங்கும் பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, அப்படி மாற்றிய வண்டிகளை வரலாற்று வாகனமாகக் கருதுவதில்லை. மாற்றத்தைத் திரும்ப நீக்கக்கூடியதாகச் செய்து, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துமாறு அறிவுறுத்துகிறது. அந்த நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். எஞ்சினின் ஒலியும் நடுக்கமும் சோக்கை இழுக்கும் பக்குவமும் அந்த வண்டியின் பகுதிகளே.

சட்டத்தடையை நினைத்துக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல். பல நாடுகளில் பேசப்படும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் புதிய வாகனங்களின் விற்பனையைப் பற்றியவை. பழைய கார்களுக்கு உண்மையான சிக்கல் வேறு திசையிலிருந்து வரும்: பெட்ரோல் விற்பனை சுருங்கச் சுருங்கப் பங்க்குகள் குறையும், மிஞ்சுபவையும் பெருவாரியானோர் கேட்கும் கலவையை மட்டுமே வைத்திருக்கும். அப்போது பழைய காருக்கான எரிபொருள் எஞ்சின் ஆயிலைப்போலக் கலனில் அடைத்து, தரமும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்டு, உதிரிபாகக் கடையில் விற்கப்படும் பொருளாகலாம். ஆல்கைலேட் கலன் அந்த முறை நடைமுறையில் இயங்கும் என்பதை இப்போதே காட்டுகிறது. உள்ளே இருக்கும் திரவம் நாளை காற்றாலையிலிருந்து வந்தாலும் கலன் அதுவாகவே இருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் கலனின் மேலுள்ள எழுத்தைக் கவனிக்க வேண்டும்: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானதையே எடுக்க வேண்டும், ஏனெனில் இரண்டு ஸ்ட்ரோக்குக்கான கலனில் ஆயில் முன்கூட்டியே கலந்திருக்கும்; எத்தனால் இல்லை என்ற உறுதிமொழியும் ஆக்டேன் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும்; சாலையில் ஓடும் வண்டிக்கு இதை ஊற்ற வரிச் சட்டம் இடம் தருகிறதா என்றும் அவரவர் நாட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் கார்புரேட்டர் வண்டி என்றால் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாரந்தோறும் ஓடும் வண்டி என்றால் அந்தப் பணத்தில் முதலில் எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும், பம்ப்புக்கு ஃபுளோரோஎலாஸ்டமர் என்ற செயற்கை ரப்பரில் செய்த டயாஃப்ரத்தையும் வாங்கிப் போடுங்கள். கலனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.